வாளியின் மூடி

உன் மருந்தகத்துக்கு எப்போது
இரண்டாவது கதவு வைத்தாய் அகலீனா
என்று கேட்டபடி வந்தான் நிகிஃபர்.
குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் ஜூலை.
இரவு பதினொன்றுக்கும் அணையாத வெயில்.
குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.
வாயை முகர்ந்தேன், சாராயம் இல்லை.
நாக்கு உப்புத்தாள் போலக் காய்ந்திருந்தது.
இமைகள் பாதியில் இறங்கி
ஏற மறுத்தன.

என்ன சாப்பிட்டாய்?
மீன்தலை.
எதில் புளிக்க வைத்தது?
அதற்குள் அவன் தொண்டை
சொற்களை விழுங்கத் தொடங்கிவிட்டது.
ஒலின்காதான் சொன்னாள்:
வாளியில்.
வெள்ளை வாளி, இறுக்கமான மூடி,
சீக்கிரம் ஆகட்டும் என்று
அடுப்புக்குப் பக்கத்தில்.

குழி என்றால் புல் பரப்புவோம்.
சால்மன் தலைகளை அடுக்கி
மேலும் புல், அதற்கும் மேல் மண்.
கோடையிலும் அங்கே கை வைத்தால் விறைக்கும்.
புல் கொஞ்சம் காற்றை விடும்,
வாளி விடாது.
காற்றைக் கண்டால் ஒடுங்குகிற ஒன்று
அதற்குள் சூடாக உட்கார்ந்து
ராஜ்யம் நடத்தியிருக்கிறது.

நாறினால் கெட்டது என்பார்கள்
விமானத்தில் வந்துபோகும் டாக்டர்கள்.
நாறினால் பதம் என்போம் நாங்கள்.
இரண்டு பேருமே தப்பு.
அந்த நஞ்சுக்கு
வாசமே கிடையாது.

பெத்தேலுக்குப் போன் செய்தேன்.
நஞ்சுமுறி இருக்கிறது,
பனிமூட்டம் விலகினால் விமானம் வரும் என்றார்கள்.
பனிமூட்டத்திடம் யார் பேசுவது?
மூச்சுப்பையை அமுக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, விடு.
ஒன்று, இரண்டு, மூன்று, விடு.
ஒலின்கா கை மாற்றினாள்.
அந்த இடைவெளியில்தான் ஞாபகம் வந்தது,
காலையில் அவள் தாளில் சுற்றித் தந்த தலை
என் குளிர்பெட்டியில் இருப்பது.
நாளைய மதியச் சாப்பாடு.
திறந்து பார்த்தேன்.
அவ்வளவு அழகாக இருந்தது.
கன்னத்துச் சதை கண்ணாடி போல,
சத்தியமாகச் சொல்கிறேன்,
எச்சில் ஊறியது.

விடிந்து வந்த விமானத்தில்
அவன் ஒரு படுக்கையில்,
அந்தத் தலை ஒரு பனிக்கட்டிப் பெட்டியில்
பரிசோதனைக்கு.

ஏழு வாரம் எந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது.
குழாயை எடுத்தபின்,
நுரையீரல் சளிக்குக் கொடுத்த மாத்திரைகளில்
வயிறு காலியாகிக் கிடந்தவனுக்கு
நர்ஸ் ஒரு கோப்பை தயிர் கொண்டுவந்தாளாம்.
உயிருள்ள கிருமிகள், குடலுக்கு நல்லது என்று
மூடியில் அச்சடித்திருந்ததாம்.
மூடியையே வெகுநேரம் பார்த்துவிட்டு
சத்தம் வராத தொண்டையால்
சிரித்தானாம் நிகிஃபர்.

இந்த ஜூலையில்
வாளியில் வலை ஊறுகிறது.
மூடியில் நாய்க்குச் சோறு.
நேற்று வந்தான், இருக்கிற ஒரே கதவு வழியாக,
தாளில் சுற்றிய ஒரு தலையோடு.
குழியா?
குழி.
புல்லா?
புல்.
எங்கே?
வடக்குச் சரிவில், நிழலில்.
இன்னும் நான்கு கேள்வி கேட்டேன்.
போலீஸ்காரியா நீ என்றான்.
பதில் சொல்லவில்லை,
வாயில் கன்னத்துச் சதை இருந்தது.