அரை இஞ்சு

தடைக்காலம் முடிய இரண்டு ராத்திரி இருக்கும்போது
என் ட்ராலியின் இடது ஷாக் எண்ணெய் கக்கிவிட்டது.

சித்திரையிலேயே சிலிண்டர் ஓரம் ஒரு கறுத்த ஈரம்.
விரலால் தொட்டு, முகர்ந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு
அடுத்த நடைக்கு வாடகை பேசினேன்.

ஒரு குழியில் இறங்கினால்
ஐந்து குழிக்குத் துள்ளியது வண்டி.
ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, சுமக்கிறது.
சுமந்ததை விடத்தான் தெரியவில்லை.
மேலே எழுநூறு கிலோ லேலண்ட் என்ஜின்
கயிற்றுக்குள் தலையாட்டிக்கொண்டே வந்தது,
எது சொன்னாலும் சரி என்கிற சம்பந்தி மாதிரி.

அன்று மண்டபம் ரயில்வே கேட்டில்
தூக்கிப்போட்ட போட்டில் எண்ணெய்ச் சட்டி நெளிந்து
தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு.
கேட்கீப்பர் கொடியைச் சுருட்டிக்கொண்டு பார்த்த பார்வைக்கு
அந்த நடைக்கு வாடகையே வாங்கியிருக்கக் கூடாது.
வாங்கினேன்.

கழற்றுவது என்று சும்மா சொல்கிறோம்.
இந்தக் கரையில் எதுவும் கழல்வதில்லை.
மேல் போல்ட்டும் நட்டும் உப்பில் ஒரே உலோகமாகி
ஸ்பானருக்கு முனை காட்டாமல் உருண்டிருந்தன.
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய்த் துணி சுற்றிவைத்தேன்.
விடிந்ததும் முனீஸ் சுத்தியல் எடுத்தான்,
பிறகு இரும்புக் குழாய் செருகிய ஸ்பானர்,
பிறகு வாயில் வந்ததெல்லாம்.
கடைசியில் ரம்பம்தான்.
இரண்டு பிளேடு ஒடிந்து மூன்றாவதில் அறுந்தது;
வெட்டுவாய் வெள்ளியாக மின்னியது,
அவ்வளவு துருவுக்குள்ளே.

உச்சிப்புளி பழைய இரும்புக் கடையில்
சீனி இபுராம்சா ஷாக்குகளை
வாழைத்தார் போலத் தொங்கவிட்டிருந்தார்.
ஒன்றைத் தரையில் ஊன்றி
உடம்பெல்லாம் சாய்த்து அமுக்கினார்.
‘போறது எப்படியும் போகட்டும். வர்றதைப் பாருங்க.’
வந்தது, மெதுவாக,
கோபித்துக்கொண்டு போனவன் பசித்துத் திரும்புவதுபோல.
‘புல்லட்டுது. எண்ணூறு.’
‘நானூறு.’
‘அதுக்கு ஸ்பிரிங் மட்டும் தர்றேன், துள்ளிக்கிட்டே போங்க.’
அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது. ஜோடி கிடையாது.
பழசைவிட அரை இஞ்சு உயரம் என்பதை
அவர் சொல்லவில்லை, நான் அளக்கவில்லை.

மாட்டிவிட்டுப் பார்த்தால்
ட்ராலி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது,
யாரோ ரகசியம் சொல்லக் காது கொடுத்ததுபோல.
நேற்றுவரை ஒரு குறையும் இல்லாத வலது ஷாக்
ஒரே பகலில் கிழடாகிவிட்டது.
புதுசின் பல்வளையத்தைத் திருகித் திருகிக்
கடைசிப் படிக்கு இறக்கினோம். கால் இஞ்சு தணிந்தது.
மீதிக் காலுக்கு முனீஸ்தான் சொன்னான்,
‘கியர்பாக்ஸ் பக்கத்தை இடதுல வச்சுக் கட்டுவோம்க்கா.’

இரவு பதினொன்று. லிகோரியின் என்ஜின்தான் கடைசி.
தென்கரைப் பட்டறையிலிருந்து வடகரைத் துறைக்கு
ஆறு பேர் தள்ள, பின்கயிறு என்னிடம்.
தூரத்தில் ஐஸ் லாரிகள்,
வலை ஏற்றுகிறவர்களின் கூச்சல்.
முதல் தண்டவாளம்.
கயிறு உள்ளங்கையில் இறுக
பல்லைக் கடித்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று.
இரண்டு வரவில்லை.
வண்டி ஒருதரம் தாழ்ந்தது, எழுந்தது,
அத்தோடு சரி.
அடுத்த தண்டவாளத்துக்கும் ஒன்றுதான்.
கேட் தாண்டி, மணல் தாண்டி, படகின் ஓரம்வரை
வராத துள்ளலை இறுகப் பிடித்தபடியே
வந்தது என் கை.

செயின் பிளாக்கில் என்ஜின் மேலேற
வெறும் ட்ராலி மறுபடி வலப்பக்கம் காது சாய்த்தது.
லிகோரி வாடகையை எண்ணாமல் நீட்டினான்.
எண்ணினேன். ஐம்பது குறைந்தது.
கேட்டு வாங்கி
மொத்தத்தையும் முனீசிடம் கொடுத்தேன்.
‘காலையில உச்சிப்புளிக்குப் போ.
இதே உயரத்துல இன்னொண்ணு வந்தா
எடுத்து வைக்கச் சொல்லு.
அமுக்கிப் பாரு.
அளந்தும் பாரு.’