விடுபட்ட விரல்

தொண்ணூற்றைந்து வெள்ளி.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருமன்.
போஸ்லாஜுக்காரன் பொட்டலத்தை உலுக்கிப் பார்த்து
"காலிப் பெட்டியா அக்கா?" என்றான்.

பீடோர் செம்பனை ஆலையில் எடைமேடை எனக்கு.
லாரி ஏறும், எண் எழுதுவேன்.
லாரி இறங்கும், எண் எழுதுவேன்.
ஒரு குலையைத் தொட்டதில்லை இதுவரை.

மிடி ஒயரும் அப்படித்தான்.
அதற்குள் ஓசை கிடையாது.
எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம்,
விரலை எப்போது எடுத்தாய்,
எண்கள்தாம் ஓடும்.
பாடுவது அந்தப் பக்கத்துப் பெட்டி.

நேற்று ஷிப்டு முடிந்து, மணி பதினொன்று,
இஸ்திரி மேசையில் கீபோர்டை வைத்து
கீழ்ப் பஞ்சமம் ஒன்றை அழுத்தினேன்.
எடுத்தேன்.
எடுத்த சேதி போய்ச் சேரவில்லை.

ம்ம்ம்ம்ம்

ஒயரைப் பிடுங்கினேன். இன்னும் மோசம்:
'நிறுத்து' என்று சொல்லவும் இப்போது வழியில்லை.

சுவருக்கு அப்பால் கக் ஜைத்தோன்
தண்ணீர் மோட்டாரை அணைத்தாள்.
காற்றாடியை அணைத்தாள்.
ஐஸ்பெட்டியையும் அணைத்துவிட்டு
கதவைத் தட்டினாள்.

காட்டினேன்.
இதுவா, இத்தனூண்டா என்று
உள்ளங்கையில் வாங்கினாள். அதிர்ந்தது.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
வலிக்கிற முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

கரண்டை நிறுத்தப் போன என் கையைப் பிடித்து
"நந்தி" என்றாள்.
அவள் மொழியில் அது 'அப்புறம்'.
என் மொழியில் நகராத மாடு.
சுரம் இரண்டாகவும் உட்கார்ந்திருந்தது
அவள் முட்டியின் மேல்.