எடைமேடை

மிஸ்ராத்தாவில், உருக்காலைக்குப் போகும் சாலையில்
பழைய இரும்பு வாங்குகிறவன் நான்.
பெயர் மிஃப்தாஹ். சாவி என்று அர்த்தம்.
இதுவரை என்னால் எந்தப் பூட்டும் திறந்ததில்லை.

இன்றைக்கு மேடையில் ஏறியது
ஒரு டாங்கியின் குழாய்.
நுனி பிளந்து, ஊமத்தம்பூவாய் வாய் விரித்து.
எனக்குத் தெரிந்த டாங்கிதான்.
பதினோரு நாள் எங்கள் தெருவைப் பார்த்து நின்றது.
பதினோரு நாளும் படிக்கட்டின் அடியில் முடங்கி
மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம்.
பக்கத்து வீட்டு ஸுஹைர் சிகரெட் வாங்கப் போனான்.
அவனை எடுத்துவர இரண்டு பேர் போனார்கள்.
அவர்களை எடுத்துவர
யாரையும் நாங்கள் விடவில்லை.

அப்புறம் விமானம் வந்தது.
எங்கிருந்து, யாருடையது, எதற்காக,
ஒன்றும் கேட்கவில்லை.
தீப்பிடித்தவன் தண்ணீரிடம் ஊர் விசாரிப்பதில்லை.
மொட்டைமாடிக்கு ஓடி
மனைவியின் மஞ்சள் போர்வையை வீசி வீசிக் காட்டினேன்.
அடி, என்று கத்தினேன்.
இன்னும் அடி.
அந்தச் சொல் என் வாயில் இருந்ததை
மறைக்க மாட்டேன்.

ஆகஸ்டில், மேற்கே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே
அக்கா மஸ்ஊதாவின் வீட்டில்
நோன்பு திறந்து, பாத்திரம் கழுவி,
புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் படுத்திருந்தார்கள்.
ஒன்று விழுந்தது. ஒன்றே ஒன்றுதான்.

அறிக்கையில் அந்த வீட்டுக்குப் பெயர்
கட்டளை மையம்.
அக்காவின் கட்டளைகள் எனக்கு மனப்பாடம்:
செருப்பை வாசலிலேயே விடு.
ரொட்டியைத் தலைகீழாக வைக்காதே.
அரீஜை அடிக்காதே, அவள் சின்னவள்.

மழைக்காலத்தில் அத்தான் இம்ஹம்மத்
பிக்கப் வண்டியில் ஒரு சுமை கொண்டுவந்தார்.
கட்டில் கால்கள், வாசல் கதவு,
மாவு சலிக்கும் சல்லடையின் வளையம்,
அடியில், சாக்கில் சுற்றிய வால்துண்டு ஒன்று.
அதில் எண் இருந்தது.
எழுத்தும் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
எல்லாவற்றையும் எடை போடச் சொன்னார்.
போட்டேன்.
காசை எண்ணாமல் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்:
"நீ போர்வை வீசினாயே,
அதே விமானமா?"

கிலோவுக்கு இவ்வளவுதான் கட்டுப்படியாகும் அத்தான்,
என்றேன்.
கடவுளே, அதைத்தான் சொன்னேன்.

வருஷத்துக்கு ஒருமுறை யாராவது வருகிறார்கள்
ஒலிப்பதிவுக் கருவியோடு.
அவர்கள் வந்தது சரியா தவறா, என்கிறார்கள்.
தேநீர் கொடுக்கிறேன். சர்க்கரை கூடுதலாகப் போடுகிறேன்.
வந்தவர்களைக் கேட்டீர்களா, என்கிறேன்.
அவர்கள் போய்விட்டார்களே, என்கிறார்கள்.
ஆமாம், போய்விட்டார்கள்.
வேலை முடிந்த கொத்தனார்கூட
மிச்சச் சாந்தைக் கூட்டிவிட்டுத்தான் போவான்.

நான் உயிரோடு இருக்கிறேன்.
என் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள்,
ஒருவன் என்னைவிட உயரம்.
இதை யாரிடம் திருப்பிக் கொடுக்க?
அரீஜுக்கு இப்போது
கல்யாண வயது ஆகியிருக்கும்.

டாங்கியின் குழாயை மாலையில் உலைக்கு அனுப்பிவிட்டேன்.
நாளைக்குக் கம்பியாகி
யார் வீட்டுக் கூரைக்குள்ளாவது படுத்துக்கொள்ளும்.
வால்துண்டு மட்டும் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது.
மழைநீர் தேங்குகிறது அதில்.
பூனை வந்து குடிக்கிறது.

விமானச் சத்தம் கேட்டால்,
துனிஸுக்குப் போகும் பயணிகள் விமானம்தான் அது,
என் கை தானாக எழுகிறது.
வீசுவதற்கா, தலையை மறைப்பதற்கா,
அதற்கே தெரியாமல்
பாதியில் நிற்கிறது.