துளை எண் இரண்டு

மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு.
இடித்துத் தள்ளிய வீட்டின் நடுக்கூடத்தில்
முக்காலி நட்டு
மண்ணுக்குள் குழாய் இறக்குகிறார் எத்திராஜ்.

அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியல்
விழும்போதெல்லாம் நான் ஒரு கோடு போடுகிறேன்.
ஒரு சாண் சொச்சம் இறங்க எத்தனை அடி?
மண்ணிடம் எங்கள் கம்பெனி கேட்பது
அவ்வளவுதான்.

முதல் ஒன்றரை மீட்டர் கொட்டிய மண்.
செங்கல் சில்லு, கரிச்சாம்பல்,
ஓரத்தில் நீலக் கோடிட்ட பீங்கான்,
ஐம்பது காசு ஷாம்பூ பாக்கெட்.
மாட்டு வண்டியிலோ லாரியிலோ
எங்கோ ஒரு மேட்டை வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.
அந்த எங்கோ இப்போது பள்ளம்.
திரிசூலத்தில் பார்த்திருக்கிறேன்:
மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்,
கரையில் குளிக்காதே என்று பலகை.

நாலாவது மீட்டரில்
சுத்தியலைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை.
குழாய் தன் கனத்தில் தானே இறங்கியது.
எத்திராஜ் கையை எடுத்துவிட்டார்.
"பூஜ்யம் போடுங்க மேடம்."

வெளியே வந்தது சாம்பல் நிறக் களி,
தொட்டால் விரல்ரேகை பதிகிற மாதிரி.
உள்ளே மிளகளவு நத்தை ஓடு,
கறுத்துப்போன ஏதோ தண்டு.
'கரிமக் களிமண், மிக மென்மை, துர்நாற்றம் உண்டு'
என்று விதிப்படி எழுதினேன்.
துர்நாற்றம் இல்லை அது.
கார்த்திகையில் எங்கள் தெருவில்
முழங்கால் தண்ணீர் வந்து வடிந்த மறுநாள்
பீரோவின் அடித்தட்டில் இருந்ததே,
அந்த வாசனை.

ஒன்பதில் மணல். சிப்பி உடைசல்.
கடல் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் என்கிறது போன்.
மணலுக்கு அது யாரும் சொல்லவில்லை.

பதினேழில் இரும்பு கிணீரென்றது.
ஐம்பது அடி. இரண்டு சென்டிமீட்டர்.
இன்னும் ஐம்பது. அதே இடம்.
எங்கள் பாஷையில் இதற்கு மறுப்பு என்று பேர்.
பரங்கிமலையில் தலை நீட்டும் அதே கல்
இங்கே குப்புறப் படுத்திருக்கிறது.
அதன் முதுகில்
கடல் ஏறி இறங்கியது,
யாரோ கரை கட்டினார்கள்,
யாரோ கரையை வெட்டிவிட்டு மனை விற்றார்கள்.
அது இன்னும் ஒரு வார்த்தைதான் சொல்கிறது.

மாலையில் ஸ்கூட்டரில் வந்தார் வீட்டுக்காரர் பூவராகன்.
"கீழே எப்படி?"
"பைல் போடணும் சார். பதினெட்டு மீட்டர்."
"ஏரியெல்லாம் போய் எத்தனை காலமாச்சு!"
செலவைக் கேட்ட முகத்தோடு
என்னையே பார்த்தார்,
நான்தான் தண்ணீர் ஊற்றியதுபோல.

படிவத்தில் கடைசிக் கட்டம் நீர்மட்டம்.
ஒரு ராத்திரி விட்டுத்தான் அளக்க வேண்டும்.
காலையில் நாடாவை இறக்கினேன்.
ஒரு மீட்டர் பத்து.
குனிந்தால்
ஆறு அங்குல வட்டத்தில்
கொஞ்சம் வானம், ஒரு கேபிள் வயர், என் நெற்றி.
லேக் வியூ.

எண்ணை எழுதினேன்.
யாரும் கால் விட்டுவிடாதபடி
எத்திராஜ் உடைந்த சிங்க் ஒன்றைக் கவிழ்த்து மூடினார்.
மூன்றாவது துளை, பின்பக்கம், மாமரத்தடியில்.