செல்ஃப் அடி

"செல்ஃப் அடி" என்கிறான் குபாத்.
அடிக்கிறேன்.
எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பற்றவில்லை.
"நிறுத்து."
நிறுத்துகிறேன்.
விடிந்ததிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சு
இந்த இரண்டு சொல்தான்.

நவம்பர். அத்பாஷிச் சந்தைக்கு
இருட்டோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை.
பின்னால் பலகை அடைப்புக்குள்
சாம்பல் குதிரை கால் மாற்றி நிற்கிறது.
அது கால் மாற்றும்போதெல்லாம்
என் இருக்கை லேசாக ஆடுகிறது.

என்னைவிட இரண்டு வயது மூத்த காஸ் லாரி.
கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது
மாமனார் பங்குக்கு வந்தது
நாலு ஆடும், ஒரு பக்கக் கதவில்லாத இதுவும்.
ஆடுகளை அந்தக் குளிர்காலமே தின்றுவிட்டார்கள்.

குபாத் அவசரப்படுகிறவன் இல்லை.
பேட்டரி முனைகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றி
பச்சை பூத்திருந்ததைச் சுரண்டினான்.
அதன்மேல் குற்றமில்லை.
பெட்ரோல் பம்பின் நெம்பை விரலால் அமுக்கி
கார்பரேட்டர் வாயில் முகர்ந்தான்.
அதையும் விடுதலை செய்தான்.
ஒரு பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து
"அடி."
பொறி இல்லை.

தூக்கிய பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு சாண் இடுக்கு.
அதில் எனக்குத் தெரிவது அவன் கைகள் மட்டும்.
திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று
தெரிந்துகொண்ட கைகள்.

என் கோட்டுப் பையில், கையுறைக்குள்,
கட்டைவிரல் அளவு பழுப்புத் துண்டு ஒன்று.
தலையில் பித்தளைத் தகடு.
இந்த ரோட்டர் இல்லாவிட்டால்
எட்டு சிலிண்டரில் ஒன்றுக்கும் கரண்ட் போகாது.
"லாரியைத் திருட்டுப் போகாமல் காக்கணுமா,
இதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்" என்று
கல்யாணமான புதிதில்
பெருமையாகக் காட்டியவனும் இவனே.

மூன்று வருஷம் சினைபிடிக்காத குதிரை.
கூரைத் தகட்டுக்கு வாங்கிய கடன்.
வைக்கோல் போதாது, பனி வருகிறது.
அவன் சொன்ன எதிலும் பொய்யில்லை.
சந்தையில் எடை பார்த்துத்தான் வாங்குவார்கள்,
அதை மட்டும் அவன் சொல்லவில்லை.
முந்தாநாள் தண்ணீர் காட்டும்போது
விலாவுக்குக் கீழே கை வைத்தேன்.
உள்ளே ஏதோ புரண்டது.
வாயு என்றான்.
இருக்கலாம்.
நான் இரண்டு பெற்றவள்.

வாயில் சிகரெட்டோடு வந்து நிற்கிறான்
பக்கத்து வீட்டு சூரோன்பாய்.
"கார்பரேட்டர்தான்," என்கிறான், குனிந்துகூடப் பார்க்காமல்.
"அந்த நெருப்போடு தள்ளி நில்."
தள்ளி நின்றும் கார்பரேட்டர்தான் என்கிறான்.

காயில் ஒயரை மூடியிலிருந்து பிடுங்கி
எஞ்சினுக்கு அருகே பிடிக்கிறான் குபாத்.
"அடி."
டப்பென்று நீலமாகத் தாவுகிறது.
இதுவரை வருகிறது. பிளக்குக்குப் போகவில்லை.
நடுவில் மிச்சமிருப்பது
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்று.
பையில் என் விரல்கள் வியர்க்கின்றன, இந்தக் குளிரில்.

ஒரு கிளிப் நிமிர்கிறது. மற்றொன்றும்.
மூடியைத் தூக்கினான்.
கைகள் நின்றுவிட்டன.

"என்ன, என்ன?" என்கிறான் சூரோன்பாய்.

குதிரை கால் மாற்றியது.
மூடி தன் இடத்துக்குத் திரும்பியது.
ஒரு கிளிப். மற்றொன்று.
"கார்பரேட்டர்தான்," என்றான் குபாத்.
"சொன்னேனா இல்லையா!" தெருவுக்கே கேட்டது.

பானெட்டை இறக்கியவன் என் பக்கம் திரும்பவில்லை.
பலகையைச் சரித்து
குதிரையை மெல்லப் பின்னுக்கு நடத்தி இறக்கினான்.
கொட்டடி வாசலில்
அதன் வயிற்றடியில் கையை வைத்து
வெகுநேரம் நின்றிருந்தான், காது கேளாதவன்
கதவில் காதை வைத்ததுபோல.
என்ன கிடைத்ததென்று நான் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை தவணை. அதையும் கேட்கவில்லை.

ராத்திரி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:
"அதை அடுப்புப் பக்கம் வை.
ஈரம் படக்கூடாது."