முந்நூற்று ஐம்பதில் ஒன்று

எங்கள் வீட்டில் என் துறைமுகம்
சௌனாவுக்கு முன்னால் இருக்கும் உடைமாற்றும் அறை.
ஈரத்துண்டுகள் தொங்கும் பலகைக்குக் கீழே
இரண்டடி மரப்பெஞ்சு, கழுத்து வளையும் ஒரு விளக்கு.
அங்கேதான் மூன்று குளிர்காலமாக
ஒரு பனியுடைப்புக் கப்பல் எழும்பிக்கொண்டிருக்கிறது,
ஞாயிறு முதல் வெள்ளி வரை.

சனிக்கிழமை அது காலி செய்தாக வேண்டும்.
அடுப்புக் கல் சூடேறுமுன்
கப்பல், சாமணம், பசைக்குப்பி,
ஒன்றுக்கொன்று சண்டைபோடும் நான்கு சாம்பல் நிறங்கள்
எல்லாம் ஒரு பிஸ்கட் தட்டில் ஏறி
துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் போய் உட்காரும்.
அது சுழலும்போது
கடல் கொந்தளிக்கிறது என்பான் ஓன்னி.

கணக்கு எளிது.
முந்நூற்று ஐம்பதில் ஒரு பங்காக நான்
ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.
கெர்ட்டு மூன்று.
காகித ஆலையில் என் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்
இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.
மேலாளரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்.
சம்பளத்தையும் அதே அளவில் போட்டுவிடலாமா என்றார்.

யார்மோ கத்துகிற ஆள் இல்லை.
அக்டோபரில் ஒருமுறை வாசலில் நின்று சொன்னான்:
"கைப்பிடிக் கம்பி இருபத்தெட்டு ஒட்டிவிட்டாய்.
கோட்டு மாட்டும் கொக்கி
ஒற்றைத் திருகில் நிற்கிறது."
இருபத்தொன்பதாவது கம்பி
அப்போது சாமணத்தின் நுனியில் இருந்தது.
மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று
பதில் சொல்லவில்லை.
அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.
நியாயம்தான்.
அவன் கதவைச் சாத்திய காற்றில்
கம்பி எப்படியும் பறந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு சனி.
மூன்றாம் இயந்திரத்தில் காகிதம் அறுந்து அறுந்து விழ,
ஓவர்டைம் என்று கூப்பிட்டார்கள்.
சௌனாவுக்கு எனக்காகக் காத்திருக்காதீர்கள் என்று
போனில் சொன்னேன்.
கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை.
மைனஸ் இருபத்தாறில் வீடு திரும்பும்போது
கெமி ஆற்றுப் பாலத்தின் நடுவில்
அது ஞாபகம் வந்தது.
பாலத்தில் வண்டியைத் திருப்ப முடியாது,
திருப்பியும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

உள்கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை.
ரேடார் கொடிமரம்
இடுப்பு வரை குனிந்து
யாருக்கோ வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது.
சிவந்த கன்னங்களோடு மூன்று பேர் நின்றார்கள்;
யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.
கெர்ட்டு மட்டும் கேட்டாள்:
"அம்மா, கப்பலுக்கும் வேர்க்குமா?"

தொண்டை வரை வந்த சொல்லைக்
கோட்டோடு சேர்த்துக் கழற்றி
வாசலில் போய் மாட்டினேன்.
கொக்கிக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை.
கோட்டும் கொக்கியும் தரையில்.
யாரும் சிரிக்கவில்லை,
ஓன்னிக்கு விக்கல் வந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் தூங்கியபின்
பித்தளைக் கம்பியில் புதுக் கொடிமரம் வெட்டினேன்.
யார்மோ தானாகவே வந்து
கப்பலின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டான்.
பஸ் ஓட்டுகிற கை, நடுங்காது.
நாற்பது எண்ணும்வரை அசையக்கூடாது என்றேன்.
பன்னிரண்டில் ஓன்னியின் பல் டாக்டர் வந்தார்.
பத்தொன்பதில் காரின் பின்சக்கரம்.
இருபத்தேழில்,
பிப்ரவரி முழுக்க எனக்கு இரவு ஷிப்ட் என்பது.
அதற்குப் பிறகு எண்ணிக்கை எங்கோ தவறியது.
அவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.
பசை எப்போதோ இறுகிவிட்டது,
இருவருக்கும் தெரியும்.

கோட்டுகள் இப்போது நாற்காலியின் முதுகில்.
அந்த ஒற்றைத் திருகு இன்னும் கிடைக்கவில்லை.
தரையில்தான் எங்காவது இருக்கும்,
இருபத்தொன்பதாவது கம்பி கிடக்கும் இடத்தில்.