பதினேழாம் மேசை

நாற்பது மேசை. மேசைக்கு ஒரு தட்டு.
தட்டுக்கு ஒரு நிமிடம்.
மணி அடித்தால் நகர வேண்டும்,
விடை வந்தாலும் வராவிட்டாலும்.
சட்பரியில் ஜனவரி.
ஆய்வுகூட ஜன்னலுக்கு வெளியே
புகைவதை விட்டுவிட்ட ஒரு புகைபோக்கி.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
மனிதரா, இல்லையா?
இதைக்கூடவா கேட்பார்கள் என்றிருந்தது முதல் வருடம்.
போன அக்டோபரில் ஒரு போலீஸ்காரர்
காட்டில் நாய் கவ்விவந்த கையொன்றைக்
காகிதப் பையில் கொண்டுவந்தார்.
ஐந்து விரல். உள்ளங்கை.
நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.
பேராசிரியை லலோந்த்
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஆகச் சிறியதையும்
சுண்டுவிரல் பக்கம் ஆகப் பெரியதையும்
பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.
கரடி.
தோலோடு நகங்களும் போன கரடி.
போலீஸ்காரர் சிரித்தார். பிறகு
சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல்
தொப்பியைக் கழற்றினார்.

நத்தார் விடுமுறைக்கு பிராம்ப்டன் போனேன்.
ஆட்டுக்கறி.
கரண்டியில் வந்ததை வாயில் வைக்குமுன் சொல்லிவிட்டேன்:
இடது முன்னங்கால். முனை இன்னும் ஒட்டவில்லை.
ஒரு வயது ஆகியிராது.
தம்பி கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான்.
"இதுக்கோ இவ்வளவு காசு கட்டுறம்?"
அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.
ஆட்களிடம் அம்மா சொல்லிவைத்திருப்பது
மருத்துவத்துக்குப் பக்கத்தில் ஏதோ என்று.

இரவு, பாத்திரம் கழுவுகையில்,
குழாயை மூடாமலே கேட்டா:
"எத்தினை வருசம் போனாலும் கண்டுபிடிக்கலாமோ?"
ஆரை என்று நான் கேட்கவில்லை.
மண்ணைப் பொறுத்தது என்றேன்,
வகுப்பில் சொல்வதுபோல்.
"மணல்" என்றா.
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.
"கடல் பக்கம்."
பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு:
"முன்பல்லிலை ஒரு மூலை உடைஞ்சிருக்கும்.
சோடா மூடியைப் பல்லாலை திறந்தவன். விசரன்."
நான் துடைத்த கோப்பையையே
திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் மேசை. காறை எலும்பு.
இடது. அது சுலபம்.
நடுவில் ஒரு முடிச்சு:
எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடி,
கோணலாகவே ஒரு தோளைச் சுமந்திருக்கிறது.
மரமோ, சைக்கிளோ,
வேறொருவர் கையோ.
பால் என்ற கட்டத்தில்
தீர்மானிக்க முடியாது என்று எழுதினேன்.
அப்படி எழுதலாம். அதற்கும் முழுப் புள்ளி உண்டு.
அதை எழுதக் கை பழக இரண்டு வருடம் பிடித்தது;
அதற்குமுன் எதையாவது இட்டு நிரப்பிவிடுவேன்,
கட்டம் வெறுமையாய்க் கிடப்பது
யாருக்கோ மரியாதைக் குறைவென்று.

அம்மாவுக்கு இந்த விடையை
இன்னும் சொல்லவில்லை.
தொலைபேசியில் இன்று என்ன படித்தாய் என்றால்
கணக்கு என்கிறேன். பொய்யுமில்லை:
நீளம், சுற்றளவு, கூட்டல், கழித்தல் பிழை.

மணி.

பதினெட்டாம் மேசையில்
பஞ்சின் மேல் ஒற்றை முன்பல்.
எந்தப் பக்கம் என்றுதான் கேள்வி.
நான் மூலைகளைப் பார்த்தேன்.
இரண்டு தரம் பார்த்தேன்.
முழுசு.